கேள்வியில் தொலைந்த விரதம்

ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் தனியாக இருப்பவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் குழுவில் நான் சேர்ந்தபோது, என்னிடம் இருந்த தகுதிகள் இரண்டுதான். ஒன்று, சமூகவியலில் ஒரு பட்டம். இன்னொன்று, மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம். குழுவுக்கு இரண்டாவதுதான் தேவைப்பட்டது என்பதை அவர்கள் நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. எந்தக் காரியத்தையும் தொடங்குவதற்கு முன், அதனால் யாருக்கு என்ன நேரும் என்று நெடுநேரம் யோசிப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் குழுவினர் கூட்டம் நடக்கும் நாள்களில் மட்டும் பொறுத்துக்கொண்டார்கள்.

சமையற்கூடம் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் பின்பகுதியில் இருந்தது. சமைப்பவர் ஒரு கத்தோலிக்க அக்கா. அவருடைய அடுப்படியில் மாற்ற முடியாத ஒரு முறை உண்டு. முதலில் சைவ உணவை டப்பாக்களில் நிரப்பி, மூடி, மேல்தட்டில் ஏற்றிவிடுவார். கடைசி டப்பாவும் ஏறிய பிறகுதான் மீன்குழம்புச் சட்டியின் மூடியைத் திறப்பார். ஒருமுறை நான் ஆவலில் சட்டியை முன்கூட்டியே திறந்து பார்த்துவிட்டேன். "ஏய், மூடு! மேல ஏறாத டப்பா இன்னும் ரெண்டு இருக்கு" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருப்பூனை ஓடியது. தவக்காலத்தில் தாமும் மாமிசம் தொடாதவர் என்பதால், பிறருடைய விரதத்தைத் தம்முடையதைப் போலவே காவல் காத்தார்.

எந்த டப்பா யாருக்கு என்பதை ஸ்டிக்கர்கள் சொல்லும். பச்சை ஸ்டிக்கர் சைவம், வெள்ளை ஸ்டிக்கர் மீன். அவற்றை அச்சிடும் நிரலை எழுதியவர் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கும் அண்ணன். இயந்திரங்களோடு வாரம் முழுவதும் பழகுவதாலோ என்னவோ, எந்த இயந்திரத்தைப் பற்றியும் அவர் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதைப் போலவே பேசுவார். தாம் உருவாக்கிய தரவுத்தளத்தை ஒரு மாலை எனக்குக் காட்டினார். பெயர், மாடி, கதவு எண் என்று நெடுவரிசைகள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அது எந்த வகை என்று தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும்: எண், எழுத்து, தேதி என்பதுபோல. சைவமா மீனா என்பதைக் குறிக்கும் நெடுவரிசைக்கு அண்ணன் அறிவித்திருந்த வகையின் பெயர் 'விரதம்'.

"இப்படி ஒரு வகை உண்டா அண்ணே?"

"இல்ல. நானே வச்சேன். இந்த டேட்டாபேஸ் ரொம்ப நல்ல புள்ள, தங்கச்சி. தோசைன்னு ஒரு வகை வச்சாலும் சரின்னு வாங்கிக்கும்."

"தோசைன்னா என்னன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது லா. ஆனா நாம என்ன பேர் வச்சோம்னு ஞாபகம் வச்சிருக்கும். கேள்வி கேட்டா பதிலைக் கொடுத்துட்டு, கூடவே 'இந்த வரிசை தோசைன்னு நீதானே சொன்ன'ன்னும் சொல்லும். எனக்கு அது போதும்."

அவருடைய ஏற்பாடு எளிமையானது. அந்த நெடுவரிசையில் சைவக்காரர்களின் பெயருக்கு நேரே 1 இருக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு 0. இன்னும் கேட்டறியாதவர்களுக்கு வெற்றிடம். நிரல் தரவுத்தளத்திடம் பட்டியலைக் கேட்கும்போது, பதிலோடு 'விரதம்' என்ற வகைப்பெயரும் வரும். அந்தப் பெயரைக் கண்டால் நிரல் 1 என்பதைப் பச்சை ஸ்டிக்கராக மாற்றும். வேறு எல்லாவற்றுக்கும் வெள்ளை. எத்தனை பச்சை, எத்தனை வெள்ளை என்று எண்ணி, சமையல் அக்காவுக்கு ஒரு சீட்டும் அச்சிடும்.

எனக்கு உடனே பேச வேண்டும்போல இருந்தது. நம் நாட்டில் மனிதர் பிறந்த கணத்திலிருந்து எத்தனை கட்டங்களில் எத்தனை வகைகளாக அறிவிக்கப்படுகிறார்கள் என்று ஆரம்பித்தேன்.

"தங்கச்சி," என்றார் அண்ணன், "இது ஸ்டிக்கர்."

ஜெலுத்தோங்கில் என் முதல் கதவு ஓர் அக்காவுடையது. லிஃப்டில் உச்சி மாடிக்குப் போய், அங்கிருந்து படியிறங்கிக்கொண்டே கொடுத்து வருவது எங்கள் வழக்கம். அந்த அக்கா உச்சி மாடியில் இருந்தார். தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்து முட்டி தேய்ந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அடுப்பின் முன் அதிக நேரம் நிற்க முடியாது. முட்டி சரியாகி நடக்க ஆரம்பித்தால், தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் பால்குடம் எடுத்து ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு வேண்டுதலை நிறைவேற்றவிருந்தார். மஞ்சள் உடை, கழுத்தில் உருத்திராட்சம், பகலில் ஒரே ஒரு வேளை உணவு. அதையும் இரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும்; பிறகு தண்ணீர் மட்டும்தான். சனிக்கிழமைகளில் அந்த ஒரே வேளை எங்கள் டப்பா. மற்ற நாள்களில் அவருடைய தங்கை கெப்பாலா பத்தாஸிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

தைப்பூசம் நெருங்க நெருங்கப் புதிய பெயர்கள் சேர்ந்தன, வெற்றிடங்களும் பெருகின. கேட்டறியாதவருக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவது எனக்கு நெருடியது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். மீன் சாப்பிடுகிறவருக்குத் தவறிச் சைவம் போனால் ஒரு முணுமுணுப்போடு முடிந்துவிடும். விரதக்காரருக்கு மீன் போனால் அவருடைய வேண்டுதலே பாழாகிவிடும். ஆகவே தவறுவதாக இருந்தால் சைவத்தின் பக்கம்தான் தவற வேண்டும். சொல்லாதவர்களை எல்லாம் சைவமாகவே கொள்ள வேண்டும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விரதக்காரர்களுக்குத் தனி அடுப்பே வேண்டும், அதற்கு வேறோர் இடம் பார்க்கலாம் என்றும் விரிவாகப் பேசினேன்.

சமையல் அக்கா கொட்டாவியை மறைக்கவில்லை. "சொல்லாதவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா ஹாபிஸ் லா, வேலை முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?"

ஆனால் தீர்மானம் நிறைவேறியது. வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் என் கண்ணெதிரே, தரவுத்தளத்திடம் பட்டியலைக் கேட்கும் வினவலில் ஒரு திருத்தம் செய்தார். அதுவரை நெடுவரிசையை அப்படியே கொண்டுவரச் சொன்ன கேள்வி, இப்போது 'வெற்றிடமாக இருந்தால் 1 என்று எடுத்துக்கொள்' என்று சேர்த்துக் கேட்டது. பட்டியலை ஓடவிட்டுப் பார்த்தோம். வெற்றிடங்கள் இருந்த இடத்தில் எல்லாம் 1 வந்து நின்றது. நான் கைதட்டினேன். இருவரும் கடைக்குப் போய், நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீர் குடித்தோம். ஒரு சமூகக் கொள்கை ஒரே வரியில் நடைமுறைக்கு வந்துவிட்டதை எண்ணி எனக்கு உண்மையிலேயே நெஞ்சு விம்மியது.

மறுநாள் நான் போனபோது, ஜெலுத்தோங் பை வாசலில் தயாராக இருந்தது. சமையல் அக்கா உள்ளே மகளோடு போனில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். கையசைத்துவிட்டுப் பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

உச்சி மாடியில் அக்கா குளித்து, விளக்கேற்றி, முருகன் படத்தின் முன் இலை போட்டுக் காத்திருந்தார். கம்பிக் கதவின் வழியே டப்பாவை வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னைக்குப் பச்சை இல்லையேம்மா?"

நான் பதற்றப்படவே இல்லை. பச்சைத்தாள் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். "பயப்படாதீங்கக்கா. இப்போ புது விதி கொண்டு வந்திருக்கோம். சொல்லாதவங்களுக்குக்கூட இனிமே சைவம்தான். அதனால முன்னைவிட இப்போதான் ரொம்பப் பாதுகாப்பு."

அக்கா டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். "விதி சரிம்மா. வாசனை வேற மாதிரி சொல்லுதே."

நான் அதை வாங்கி, நடைபாதையில் நின்றபடி மூடியைத் திறந்தேன். கறிவேப்பிலைக்கு நடுவே ஒரு கெம்போங் மீன், தலையோடு, என் விதியை முழுவதும் கேட்டு முடித்த முகத்துடன் கிடந்தது.

"மூடு, மூடு" என்றார் அக்கா. "பார்த்ததுக்கு ஒண்ணுமில்ல. சந்தேகத்துலதானே மோந்தேன். முருகன் மூக்கைக் குத்தம் சொல்ல மாட்டான். வாயில வைக்கல, அவ்ளோதான்."

மற்ற டப்பாக்களையும் பார்த்தேன். எல்லாம் வெள்ளை, எல்லாவற்றிலும் மீன். சமையல் அக்காவை அழைத்தேன்.

"சைவமா? சைவம் ஒண்ணுகூட இல்லன்னுதானே சீட்டுல வந்துச்சு! பச்சை பூஜ்யம்."

"தைப்பூச மாசத்துல பூஜ்யமா வரும்? உங்களுக்குச் சந்தேகம் வரலையாக்கா?"

"ஏன் வராது? வந்துச்சு. அப்புறம் நீ மீட்டிங்ல பேசினது ஞாபகம் வந்துச்சு. விரதக்காரங்களுக்குத் தனி அடுப்பு, வேற இடம்னு அவ்ளோ நேரம் பேசினியே. சரி, படிச்ச புள்ள, சொன்னபடி ஏற்பாடு பண்ணிருச்சுபோலன்னு சந்தோசப்பட்டேன்."

நல்லவேளையாக மற்ற பைகள் இன்னும் புறப்படவில்லை. அவற்றை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. பசாருக்குப் பக்கத்தில் சைவக் கடை இருக்கிறது, ஓடிப்போய் வாங்கி வருகிறேன் என்றேன். அக்கா தலையசைத்து மறுத்தார்.

"கடைச் சாப்பாடு இந்த விரதத்துக்கு வேணாம்மா. உங்க கிச்சன்ல சைவத்தை மூடின பிறகுதான் மீன் சட்டியைத் திறப்பாங்க. அது தெரிஞ்சுதான் உங்ககிட்ட வாங்குறேன். பரவால்ல, விடு. ஒருநாள் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்துக்கறேன்."

"மாத்திரை போடணுமேக்கா. வெறும் வயித்துல எப்படி?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். அறுவைக்குப் பிந்தைய மாத்திரைகள் அந்த ஒரு வேளை உணவை நம்பி இருந்தன என்பது இருவருக்கும் தெரியும்.

"நான் சமைக்கிறேன்" என்றேன்.

"என்ன தெரியும் உனக்கு?"

"மீ கிண்டுவேன். பாக்கெட் நூடுல்ஸ்."

அக்கா முருகன் படத்தைப் பார்த்தார். "பட்டினியே இருக்கலாம்பா" என்றார் அவரிடம்.

மீண்டும் சமையல் அக்காவை அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "அரிசி பருப்பு இருக்கான்னு கேளு. நான் குளிச்சிட்டு வரேன்" என்று வைத்துவிட்டார். வாடகைக் காரில் வந்து இறங்கியபோது அவருடைய தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் புதுக் கரண்டி, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படவில்லை. இன்னொரு கையில் பீன்ஸும் கேரட்டும். கதவருகே நின்று விரதக்கார அக்காவிடம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சோப்புப் போட்டு ரெண்டு தடவை குளிச்சேன். மீன் வாடை இருக்கான்னு பாருங்க. இருந்தா வெளியவே நிக்கிறேன்."

அவர் முகர்ந்து பார்த்தார். "சோப்பு வாடைதான். உள்ள வாங்க. இந்தப் பாத்திரம் எல்லாம் விரதத்துக்குன்னே கழுவி வச்சது."

குக்கர் ஏறியது. மணி ஒன்றைக் கடந்தது. வேறு வேலை தெரியாததால், காய் நறுக்கும் பலகையின் முன் என்னை உட்காரவைத்தார்கள். நறுக்கிக்கொண்டே, அன்று மிகைநேர வேலையில் இருந்த அண்ணனைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். கைப்பேசியிலேயே அவர் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தார்.

"என் பேருக்கு நேரா எழுதினதை அழிச்சிட்டீங்களா தம்பி?" என்று விரதக்கார அக்கா நாற்காலியிலிருந்து கேட்டார்.

"அய்யோ, இல்லக்கா. உங்க ஒண்ணு பத்திரமா இருக்கு. என்ன ஒண்ணுங்கறதுதான் வழியில போயிருச்சு."

"புரியிற மாதிரி சொல்லு" என்றார் சமையல் அக்கா, தாளித்துக்கொண்டே.

"சொல்றேன். டேபிள்ல இருக்கற வரிசையை அப்படியே எடுத்துட்டு வான்னு கேட்டா, 'இந்தா, இது விரதம்'னு பேரோட கொடுக்கும். நேத்து நாங்க அப்படிக் கேக்கல. 'வெறுமையா இருந்தா ஒண்ணு போட்டுக் கொடு'ன்னு கேட்டோம். அப்போ வர்றது அந்த வரிசை இல்ல, கணக்குப் போட்டு வந்த விடை. டேபிள்ல இருந்து வந்த ஒண்ணும் இருக்கு, நாங்க போட்ட ஒண்ணும் இருக்கு. ரெண்டும் கலந்ததுக்கு யாரும் எந்த வகையும் அறிவிக்கலையே? அதனால வகை என்னன்னு கேட்டா வாயே திறக்காது. என் ப்ரோக்ராம் விரதம்ங்கற பேரைத் தேடிச்சு, கிடைக்கல. வெறும் நம்பர்னு எல்லாத்துக்கும் வெள்ளை ஒட்டிருச்சு."

"சரியாத்தானே செஞ்சிருக்கு" என்றார் சமையல் அக்கா. "பீன்ஸுல மீன் கரண்டியைப் போட்டுட்டு, இது சைவமான்னு என்னைக் கேட்டா நானும் வாயைத் திறக்க மாட்டேன்."

நான் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். யாருக்கும் தவறி மீன் போய்விடக் கூடாது என்பதற்காக நான் வாதாடிப் பெற்ற ஒரு வரி, அதுவரை தெளிவாகச் சொல்லியிருந்தவர்களின் சொல்லையும் சேர்த்து அழித்து, எல்லோருக்கும் மீனை அனுப்பியிருந்தது. சொல்லாதவர்களுக்காக நாங்கள் பேசப்போய், சொன்னவர்களின் குரல் கேட்காமல் போயிற்று. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று தோன்றியது.

"கேரட்" என்றார் சமையல் அக்கா. நறுக்கினேன்.

அண்ணன் வழி சொன்னார். "ரெண்டு விதமா சரி பண்ணலாம். கேள்வியிலேயே அந்த விடைக்குப் பக்கத்துல 'இது விரதம்'னு நாமளே கையால எழுதிக் கொடுத்துடலாம். தங்கச்சி விதி அப்படியே இருக்கும், பச்சையும் வரும். இல்லன்னா விதியை எடுத்துட்டுப் பழையபடி வரிசையைத் தொடாம கேக்கலாம். தங்கச்சி, நீயே சொல்லு."

முதல் வழி எனக்கு இனித்தது. என் விதி பிழைத்துக்கொள்ளும். ஆனால், கேட்கப்படாத ஒருவருக்கு நேரே விரதம் என்று நாமே எழுதிக் கையொப்பம் இடுவது போலல்லவா அது? நோயாளி ஒருவர் இறைச்சியோ மீனோ சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால்? இன்னொருவர் மீனுக்காகவே வாரம் முழுதும் காத்திருந்தால்? நான் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடித்தது. யாரும் என் முடிவுக்குக் காத்திருக்கவில்லை.

"என்னை நேர்ல வந்து கேட்டுத்தானே எழுதிக்கிட்டீங்க?" என்றார் விரதக்கார அக்கா. "அவங்களையும் கேளுங்களேன்."

"போன் போட்டுக் கேட்டா ஹாபிஸ்னு நான் வியாழக்கிழமையே சொன்னேன்" என்றார் சமையல் அக்கா. "தமிழ்லதான் சொன்னேன்."

"அது பாதி மலாய்க்கா" என்றார் அண்ணன் போனிலிருந்து.

அப்படியே முடிவாயிற்று. வினவல் இனி நெடுவரிசையைத் தொடாமல் அப்படியே கொண்டுவரும். வகைப்பெயர் கூடவே வரும். வெற்றிடம் வெற்றிடமாகவே வந்து சேரும். அங்கே நிரல் பச்சையும் ஒட்டாது, வெள்ளையும் ஒட்டாது. 'கேட்கவும்' என்று மட்டும் அச்சிடும். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களை அழைத்துக் கேட்பது என் பொறுப்பு. அண்ணன் தொழிற்சாலையின் இடைவேளை முடிவதற்குள் திருத்திவிட்டு, மற்ற பைகளுக்கான ஸ்டிக்கர்களை மறுபடியும் அச்சிடக் கட்டளை கொடுத்தார். சமையற்கூடத்தில் இருந்த இன்னொரு தொண்டர் பச்சை வருகிறது, பச்சை வருகிறது என்று கிரிக்கெட் வருணனைபோலப் போனில் கூவினார். சைவம் சாப்பிடும் மற்ற எல்லோருக்கும் அங்கே தனியே பருப்பும் காயும் வேகவேண்டும். சமையல் அக்கா இங்கிருந்தே உத்தரவுகள் பிறப்பித்தார்.

ஒன்றே முக்காலுக்கு இலையில் சோறு விழுந்தது. பருப்பு, பீன்ஸ் கேரட் பொரியல், ஓர் அவசர ரசம். அக்கா கண்மூடி ஒரு பிடியை முருகனுக்கு எடுத்து வைத்தார். பிறகு சாப்பிட்டார். நாங்கள் இருவரும் அவருடைய ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"இப்படி ரெண்டு பேரும் வாயைப் பார்த்தா எப்படி இறங்கும்?"

"உப்பு சரியா இருக்கா?" என்றார் சமையல் அக்கா.

"கொஞ்சம் கம்மி."

"விரதம்னா அப்படித்தான் லா."

"விரதம் எனக்குத்தான். ரசத்துக்கு இல்ல."

சமையல் அக்கா சிரித்ததில் கரண்டி கையிலிருந்து நழுவியது. இரண்டு மணிக்குச் சற்று முன்பு இலை மடிக்கப்பட்டது. மாத்திரைகள் உள்ளே போயின. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: கீழ்மாடிகளில் மீன் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒன்றரை மணி நேரமாகப் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடைபாதையில் கிடந்த என் பையிலிருந்து வாசனை மட்டும் அவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கீழிருந்து ஒரு குரல் மாடிப்படி வழியே ஏறி வந்தது. "மேல என்ன, கல்யாணமா நடக்குது?"

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓட எழுந்தேன். அக்காவும் எழுந்து, சுவரைப் பிடித்துச் செருப்பை மாட்டினார்.

"நீங்க எங்கக்கா?"

"சாப்பிட்டதும் தினமும் ஒரு மாடி இறங்கி ஏறுறேன். மலைப்படிக்குப் பழகணும்ல? இறங்கறதுக்கு நீ கூட வா. ஏறுறதை நானே பார்த்துக்கறேன்."

"பையை ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டா உங்களுக்கும் தாங்கலா இருக்கும்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் ஓர் அடி விலகி நின்றார். "மீனை நீ தூக்கு. நான் என் முட்டியைத் தூக்கிட்டு வரேன்."

அவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றி முதல் படியில் காலை வைத்தார். வலி முகத்தில் ஒரு கணம் வந்து போனது. அடுத்த படி. நான் பையைச் சுவரோரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால், அவருடைய வேகத்தில் இறங்கினேன்.